உடையப்பனின் தாடை

சாயங்காலம் ஏழு மணி. மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் பஸ்ஸை விட்டு இறங்கிய முத்தம்மா, ரப்பர் காட்டு மண்பாதையில் தனியாக நடந்தாள். நடந்தது எழுபத்தெட்டில்... என் சிநேகிதன் ராஜுவுக்கு அவள் சின்னம்மா முறை. பயம் என்ன விலை என்று கேட்கிறவள்.

புருஷன் உடையப்பன் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சிழந்து ஒரு மாதம். ஈப்போ ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி எல்ஸி, அவன் முகவாயில் விரலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிக் காட்டியிருந்தாள். திறந்த வாய் டக்கென்று மூடியது. மூளையில் அடி, அதனால்தான் நரம்பு இப்படித் துள்ளுகிறது என்றாள். படுத்தபடி எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் ஆளே போய்விடுவான் என்றும் எச்சரித்தாள்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் நுழைந்தால்... பச்சைப் பால் வாசனை. கொழுந்தன் சதாசிவம் டம்ளரோடு நிற்கிறான். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம், கடைசிப் பால் ஊற்றி அனுப்பிவிடலாமாம். செத்துப்போன தாய் கருப்பம்மாளை வந்து கூட்டிப்போகச் சொல்லி, வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டும்விட்டானாம்.

"கூப்பிட்டது நீதானேலா? அப்ப நீயே கூடப் போ."

டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஒன்பது மணிக்கு எஸ்டேட் கரண்டு நின்றது. மண்ணெண்ணெய் விளக்கு மட்டும்தான். மறுபடி... பால் வாசனை.

உடையப்பனின் முகவாயில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. யாரோ விரலை வைத்து அழுத்துவது போல. வாய் மெல்ல... மெல்லத் திறந்தது.

முத்தம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. குழிக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். கரண்டிக் காம்பால் விரல்மேல் தட்டினாள். டக். வாய் மூடியது. விரலில் ஏதோ ஈரமாக, சில்லென்று உரசியது. அவள் எடுக்கவில்லை.

"பெத்தா போதுமா? ஒரு மாசமா ஊட்டுனவ நான்."

வாய் திறந்தது. தட்டினாள். டக். திறந்தது. தட்டினாள். டக்... விடியற்காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கும்வரை இதே வேலை. விரல் வீங்கிப்போனது.

வெளிச்சம் வந்தபின் குழி விழவில்லை. அவனை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சியை நீட்டினாள். வாயைத் தானாகத் திறந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு, குழறிக் குழறி, முதல் பேச்சு.

"முத்தம்மா... உன் தோள்ல கை வச்சு நிக்கிறது... எங்கம்மாவா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரா இருந்தா என்ன. நீங்க கஞ்சியக் குடிங்க."