கருங்கிடாவுக்குப் பவுடர்

"ஆட்டுக்கு யாருடா பவுடர் போடச் சொன்னா?"

கன்னிவாடி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த அக்கா இப்படிக் கத்தியதும் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் அவர் தம்பி, கையில் புதுப் போன், கழுத்தில் ஹெட்போன்.

"பவுடர் இல்லக்கா. போட்டோவுல மூஞ்சியில புள்ளி இருந்தா இந்தப் போனு தானாத் தொடச்சிரும்."

"ஒரு வெள்ள முடி இல்லாத கருங்கிடா குடுக்கிறேன்னு சாமிக்கு வேண்டியிருக்கேன். நாளைக்கு வெட்டு. நீ அனுப்புன போட்டோவுல சுத்தக் கருப்பு. காலையில வந்து எறங்குது, நெத்தியில வெள்ளையோட! வாங்கயில நீ பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. போன்ல."

"ஆடு முன்னாடி நிக்கிது, அதப் போன்ல பாத்தியா? வித்தவரு நெத்தியில வெள்ள இருக்கு, சரியான்னு உங்கிட்டக் கேட்டாராம். நீ தலைய ஆட்டுனியாம்!"

"அது ஹெட்போன்ல ஓடுன பாட்டுக்கு ஆட்டுனதுக்கா."



"நாளைக்குக் கோயில் பக்கமே வந்துறாத. தண்ணி தெளிச்சதும் கிடா தலைய ஆட்டுனாத்தான் வெட்டுவாங்க. பாட்டக் கேட்டுக்கிட்டு நீ முந்தி ஆட்டிருவ!"