பெயர் தெரியாத மரத்தின் பால்

"எந்நேரமும் ஜன்னல்லயே உக்காந்திருக்கியே, எதிர்ல நிக்குதே, அது என்ன மரம்னு தெரியுமா?" என்று அத்தான் ஒருமுறை கேட்டார். தெரியாது என்று தலையசைத்தேன். அது பொய்யில்லை. அதன் பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடித் தொட்டிகளில் போன்சாய் வளர்ப்பார். கடையில் விற்கும் கன்றுகள் அவருக்கு ஆகாது. தெருவில் தானாக வளர்ந்து நிற்பவைதான் வேண்டும். தெரியாத மரம் தென்பட்டால் ஒரு கிளையைக் கொண்டுவந்து, பட்டையைச் சுரண்டி, இலையைக் கசக்கி முகர்ந்து, என்ன இனம், தொட்டிக்குப் பணியுமா என்று பார்ப்பார். அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். மூக்கு கிளையில் இடிக்கும்.

"இப்படி வேரை வெட்டுறது பாவமில்லையா?" என்பாள் அக்கா.

"சாகாதுடி. பெருசா வளராது, அவ்வளவுதான். நம்ம ஊமக்கோட்டான் மாதிரி."

"அவளை வம்புக்கு இழுக்கலைன்னா உங்களுக்குப் பொழுது போகாதே."

எனக்குக் கோபம் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அக்காவோடு மட்டும்தான் பேசுவேன். கடைக்காரரிடம், டாக்டரிடம், அப்பாவிடம்கூட எனக்காக அவள்தான் பேசுவாள். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அக்கா பெட்டி கட்டத் தொடங்கினாள். "தினம் போன் பண்றேன்டி" என்றாள். போனில் எனக்குப் பேச வராது என்பது அவளுக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு எதிரில் நின்ற அந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட வருகிறவர்கள் மற்ற மரங்களில் வெறும் முகத்தோடு ஏறுவார்கள். அதில் ஏறும்போது மட்டும் முகம் முழுக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்தும்மா, இதோட பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார். சாத்தினேன்.

"போறப்ப இந்தத் தெரு ஞாபகமா இதையாவது கொண்டுபோறேன்" என்று அத்தான் அந்த மரத்தின் கிளையோடு மாடிக்கு வந்தார். நான் மாடிக் குழாயில் அலசிய துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் பெயரைத்தான் கேட்டிருந்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிளையை முகத்தருகே வைத்து வளைத்தார். படக்கென்று முறிந்தது.

கண்களைப் பொத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி, குழாயைத் திற" என்றார். குழாய் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"தண்ணி வரலை அத்தான்."

நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். துண்டு கேட்டார். வரும்போதே அவர் பால் வடிந்த கையைத் துடைத்துப் போட்டிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து சுவரைத் தடவினார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். படியில் உருண்டுவிட்டால் அடிபடும் அல்லவா?

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வை போனவரை அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். வேலை இல்லையென்றால் ஊர் மாற வேண்டாம். அவர் நடமாட வசதியாக, அன்றே கீழறையிலிருந்த நாற்காலிகளை நான் ஓரமாக ஒதுக்கிவைத்தேன். என்னைப் போல அக்கறையாக யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர், "உடனே கழுவியிருந்தா ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாமே" என்றார்.

"குழாய்ல தண்ணி வரலையாம் டாக்டர்" என்றார் அத்தான். குரலில் யார்மேலும் குறை இல்லை.

அக்கா மெல்லத் திரும்பினாள். "அப்போ துணியை எதுலடி அலசின?"

அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. "வந்துச்சு. நான்தான் திறக்கலை. நீ போகக் கூடாதுன்னுதான்" என்றேன். புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

அத்தானின் கண்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அக்கா மீதிப் பெட்டிகளையும் கட்டிவிட்டாள். வாசலில் கார் வந்து நின்றது. எங்கே போகிறார்கள் என்று அப்பாவுக்குக்கூடத் தெரியவில்லை. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தானின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், அக்கா என்னைக் கடந்து போனாள்.