தூணில் மிச்சமிருந்த கை

இல்ல தம்பி, வெட்டக் கூடாது. வெட்டுறதா இருந்தா வீட்லயே கத்தரிக்கோல் இருக்கே, உங்க ஸ்டூடியோ படி ஏறி எதுக்கு வர்றேன்? தலைய மட்டும் மாத்தணும். பச்சைப் புடவை, பின்னாடி ஜன்னல், மூணு சக்கர சைக்கிள்ல உக்காந்திருக்கிற குழந்தை, எல்லாம் அப்படியே இருக்கணும். அந்தப் பொம்பள முகம் போயி, இதோ இந்தப் பாஸ்போர்ட் ஃபோட்டோல இருக்காங்களே, இவங்க முகம் வரணும். அவ்ளோதான்.

பாவமா? நீங்க என்னமோ உலகத்துலயே முதல் ஆளா இதைச் செய்யப் போற மாதிரி பேசுறீங்க. ரெண்டாயிரம் வருஷமா நடக்கிற வேலைங்க இது. ரோம்ல பல சிலைக்கு உடம்பு தனியா, தலை தனியா செஞ்சு சொருகிடுவாங்க. ஆள் மாறினா தலைய மட்டும் கழட்டிட்டு வேற தலை. கவசம் அதேதான், கால் அதேதான். சிக்கனமான ஆளுங்க. ரொம்பப் பிடிக்காத ஆளா இருந்தா குடும்பப் படத்துல கூட முகத்தச் சுரண்டி எடுத்துடுவாங்க. அதுவும் கோவத்துல இல்ல, சபை கூடி, உத்தரவு போட்டு. நினைவழிப்புன்னு அதுக்குப் பேரு. பரீட்சையில அஞ்சு மார்க்.

ஆமா, டீச்சர்தான். பதினஞ்சு வருஷமா காலேஜ்ல. ரோமானியக் கலை, ஆரம்பகாலக் கிறிஸ்தவக் கலை, பைசாந்தியக் கலை, அதோட கலைச்சொற்கள். மத்தியானம் சாப்பிட்டதும் வைப்பாங்க அந்த வகுப்ப. பொண்ணுங்க நிம்மதியா தூங்கும்.

அது என்ன அந்த மூலையில? ஜோடிங்கள நிக்க வெச்சு எடுக்கிற இடமா? தூணு உச்சியில இலை இலையா இருக்கே, அதுக்குக் கொரிந்தியத் தலைப்புன்னு பேரு. தலைகீழா ஒட்டி வெச்சிருக்கீங்க. பரவாயில்ல, இன்னைக்கு உங்க கடையில எல்லாத் தலையும் அப்படித்தான். பின்னாடி தங்கக் காகிதம் ஒட்டின அரைவட்டச் சுவரு இருக்கே, அது ஆப்ஸ். பழைய சர்ச்சுல பீடம் இருக்கிற பக்கம், ரொம்பப் புனிதமான இடம். நீங்க அங்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கீங்க. அந்த வட்ட விளக்கு வேற, தலைக்குப் பின்னாடி ஒளிவட்டமா! சில பழைய படங்கள்ல உயிரோட இருக்கிறவங்களுக்குச் சதுரமாத்தான் ஒளிவட்டம் போடுவாங்க, தெரியுமா? செத்தாதான் வட்டம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். ஃபோட்டோ எடுக்க வந்த அத்தனை ஜோடியையும் நீங்க ஏற்கனவே மேலோகத்துக்கு அனுப்பி வெச்சிட்டீங்க.

எதுக்குன்னு கேக்குறீங்க. சொல்றேன், நீங்க பாட்டுக்கு மவுஸ நகத்துங்க. சைக்கிள்ல இருக்காளே, அவளுக்கு இப்ப இருபத்தஞ்சு. கல்யாணம் கூடி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை பையனோட அம்மா பொண்ணு வீட்டுக்கு வர்றாங்க. சும்மா வரக்கூடாதா? மருமக சின்ன வயசு ஃபோட்டோவெல்லாம் பாக்கணும்னு ஆசைப்பட்டுட்டாங்க. அங்கதான் சிக்கல். பாஸ்போர்ட் ஃபோட்டோல இருக்கிறவங்க அவ அப்பாவுக்கு ரெண்டாவது சம்சாரம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, அம்மா சிரிப்பு அப்படியே பொண்ணுக்கு வந்திருக்குன்னு பையன் வீட்ல சொல்லிட்டாங்களாம். இவ திருத்தல. அப்பாவும் திருத்தல. ரெண்டு மாசம் திருத்தாம விட்டா அப்புறம் அதுதான் சரித்திரம். இப்ப போயி உண்மையச் சொன்னா, ஏன் மறைச்சீங்க, மூத்தவ ஏன் போனா, என்ன குடும்பம் இதுன்னு கேட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. பொண்ணு அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணுது, இந்த ஒரு படத்த மட்டும் சரி பண்ணிக் கொடுங்கன்னு.

நான் யாரா? வேண்டியவ. அப்படியே வெச்சுக்குங்க.

கெட்டவங்க இல்ல தம்பி அவங்க. பதினேழு வருஷம் வளத்திருக்காங்க. ஜுரம் வந்தா பக்கத்துல உக்காந்திருக்காங்க, தலை பின்னியிருக்காங்க. மறுக்க முடியாது. மறுக்க முடிஞ்சா நல்லா இருக்கும்.

பச்சைப் புடவையா? அது பெரிய படிப்பாளி. குழந்தைய ஆறு வயசுல விட்டுட்டு வெளிநாட்டுக்குப் போச்சு, மொசைக் படிக்க. சின்னச் சின்னக் கண்ணாடிக் கல்லா சுவத்துல ஒட்டி வெச்ச படம், அதைப் பாக்க. ரெண்டு வருஷம்னு போனது நாலு வருஷமாச்சு. நடுவுல தபால்ல விவாகரத்துப் பேப்பர் வந்துச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு மறுபடி கல்லு எண்ணப் போயிடுச்சு. திரும்பி வந்து பாத்தா வீட்ல தலை மாறியிருக்கு. யாரக் குத்தம் சொல்றது?

அப்படி என்னத்தப் பாத்துச்சுன்னா, ஒரு சர்ச். நீளமான சுவத்துல அரண்மனைப் படம், வரிசையா தூணு. தூணுக்குத் தூணு நடுவுல ராஜாவும் அவரு ஆளுங்களும் நின்னிருக்காங்க. ஆட்சி மாறினதும் புதுசா வந்தவங்க அத்தனை பேரையும் கல்லு கல்லா பேத்தெடுத்துட்டு, அந்த இடத்துல வெள்ளைத் திரைச்சீலை போட்டுட்டாங்க. சுத்தமான வேலை. ஆனா சில கை தூணு மேல பட்டுக்கிட்டு இருந்துச்சு, அதை மட்டும் எடுக்கல. ஆளே இல்ல, தூணுல கை மட்டும் இருக்கு. ஆயிரத்து நானூறு வருஷமா இருக்கு.

முடிஞ்சிருச்சா? திருப்புங்க, பாக்கலாம். அட. கழுத்துல கோடே தெரியல. கெட்டிக்காரர்தான் நீங்க. பையன் வீட்ல சொன்னது சரிதான், சிரிப்பு பொண்ணுக்கு ஒத்துத்தான் போகுது. ஒத்துப் போகாதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.

என்ன, கையா? குழந்தை தோள் மேல இருக்கிற கை. முகம் செவப்பு, கை கறுப்பு, பாத்தா மாட்டிக்குவாங்கங்கிறீங்க. பெருவிரல் பக்கத்துல தழும்பு வேற தெரியுதா? நல்ல கண்ணு உங்களுக்கு. அது குழந்தைக்குப் பால் காய்ச்சினப்ப சுட்டது. எனக்கு எப்படித் தெரியும்னா, இதோ பாருங்க. இன்னும் போகல.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. தண்ணியெல்லாம் வேணாம். முடிய வெட்டி, நரைச்சு, கண்ணாடி போட்டா அடையாளம் தெரியாதுதான். பெத்த பொண்ணே காலேஜ் மேடம்னு சொல்லித்தான் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கா. ஞானஸ்நானம் வாங்காதவங்கள அந்தக் காலத்துல சர்ச் வாசல் மண்டபத்தோட நிறுத்திடுவாங்க, அதுக்கும் ஒரு பேரு உண்டு, நார்தெக்ஸ். நானும் கல்யாணத்துல அப்படி வாசலோட நின்னுக்குறேன். வலிக்குதுதான், வலிக்காதுன்னு சொன்னா பொய். ஆனா அவ என்கிட்ட வாயத் தொறந்து கேட்ட முதல் உதவி இது.

வேணாம், கைய அழிக்காதீங்க. நிறமும் மாத்தாதீங்க. முகத்தத்தான் அவ கேட்டா, கொடுத்துட்டேன். கை அவ தோள்லயே இருக்கட்டும்.

கண்டுபிடிச்சிடுவாங்களா? ஐயோ தம்பி, பதினஞ்சு வருஷமா அந்தத் தூணுப் படத்தத் திரையில போட்டுக் காட்டுறேன், ஒரு பொண்ணு கூடத் தானா கையப் பாத்ததில்ல. நான் குச்சிய வெச்சுக் காட்டினாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை நான் அங்க இருக்கப் போறதில்லையே.