குளிர் அறைக்கு ஒரு ஸ்வெட்டர்

– அக்கா, உன் ஸ்வெட்டரைக் கொஞ்சம் குடு.

– யாருக்கு?

– எனக்குத்தான்.

– உனக்கா! குளிர் அறைக்குள்ள அட்டையால விசிறிக்கிட்டு நிக்கிற ஆளு... உறைஞ்ச மீனுக்கே உன்னைப் பாத்தா வேர்க்கும்.

– சிரி, சிரி. மாதவிடாய் நின்னு போனா அம்பது வயசுல வர்ற அனல், எனக்கு முப்பதுலயே. சாதனைதானே?

– புற்றுநோய்க்கு ஏத்தின மருந்து பண்ணின வேலைடி அது. ஆளு பிழைச்சியே, அதைப் பாரு.

– பாக்குறேன். ஆனா நான் யாரு? பெட்டி மேல தேதி பாத்து, ஒரு வருஷம் தாண்டின மீனைத் தூக்கி எறியுறவ. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி என் சினைப்பையில வெட்டி எடுத்த துண்டை மட்டும் பதினோரு வருஷம் உறைய வெச்சு, திரும்ப உள்ளயே வெச்சுக்கிட்டேன். நம்ம சூப்பர்வைசர் கண்ணுல பட்டிருந்தா...

– மீனும் நீயும் ஒண்ணா?

– மீனுக்கு லேபிளாவது இருக்கு.

– வாயைப் பாரு! உள்ள வெச்சப்புறம் ஆறு மாசம் பொறுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இப்பதான் அஞ்சு...

– அஞ்சு மாசம், இருபது நாள். எண்ணலை, சும்மா தெரியும்.

– ஓஹோ.

– என் வீட்டுக்காரரும் எண்ணலையாம். காலண்டரை மட்டும் படுக்கையறைக்கு மாத்திட்டார்.

– பாவம்டி மனுஷன்.

– மாதவிடாய் வந்தாத்தான் அது உள்ள பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வரலைன்னா... அதை விடு. நீ ஏன் ரெண்டு மாசமா மீன் பக்கம் வராம, பட்டாணிப் பக்கமே சுத்துற?

– வாடை ஒத்துக்கலை, குமட்டிக்கிட்டு வருது.

– எட்டு வருஷமா ஒத்துக்கிட்ட வாடை?

– மூக்குக்கு வயசாயிடுச்சு... ஏய், பேச்சை மாத்தாத. ஸ்வெட்டர் எதுக்கு?

– குளிருது.

– என்னது?

– நாலு நாளா குளிருது. சொன்னா ஓடிப்போயிடுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்குப் பல்லு கேக்கலை, தந்தியடிக்குது.

– அப்ப அந்த அனல்...

– காணோம். அக்கா, அழுது வைக்காத. பேக்கிங் ஆளுங்க பாக்குறாங்க.

– யாரு அழறா? குளிர்காத்து கண்ணுல பட்டுடுச்சு.

– இன்னொண்ணு... உன் பையில நாப்கின் இருக்கா?

– எதுக்கு?

– எதுக்குக் கேப்பாங்க! இப்ப, பாத்ரூம் போனப்ப... பதினோரு வருஷம் ஆச்சா, கைவசம் ஒண்ணுகூட இல்லை. ஏதோ இப்பதான் பெரிய மனுஷி ஆன மாதிரி இருக்குக்கா.

– ஐயோ, என் தங்கமே!

– கொஞ்சுறதை அப்புறம் வெச்சுக்கோ. இருக்கா, இல்லையா?

– இல்லைடி... மூணு மாசமா எனக்கு அது தேவைப்படலை. உனக்கு வர்ற வரைக்கும் வாயே திறக்கக்கூடாதுன்னு இருந்தேன்.