முதல் டம்ளர் பாதாம் பால்

— காய்ச்சலுக்கு மருந்து கேட்டா ஜாடியைக் குடுத்தீங்க. அதுலயும் மூத்திரம் போய்க் காட்டினேன். இப்ப வேட்டியையும் அவுக்கச் சொல்றீங்களே, டிரெஸ்ஸர் சார்?

— முனிரத்தினம், அந்த ஜாடி கால்வாசி நிறைய நீ கால் மணி நேரம் நின்னே. திரைக்கு இந்தப் பக்கம் நான் மணி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த ஆஸ்பத்திரியில கட்டுப் போடற ஹெர்பர்ட் பாக்காத உடம்பா, ராஜா? காட்டு.

— சும்மா ஒரு மருந்து ஊத்திக் குடுங்க சார். சாயங்காலம் கரடிமனையில, எங்க குஸ்திக் கூடத்துல, வஸ்தாதுக்கு ஊர்கோலம். நான் பல்லக்குக்குத் தோள் குடுக்கணும்.

— குளிர்ல பல்லு தந்தியடிக்குது, தோள் குடுக்கப் போறாராம். காட்டுய்யா... கர்த்தரே! என்ன இது, வளையமா?

— செம்பு. மெதுவா சார், தொடாதீங்க.

— தோலோட நிக்கலையே. மூத்திரம் வர்ற வழிக்குள்ளேயே குத்தி வெளியே எடுத்திருக்கு. எவன் பண்ணின வேலை?

— அவன் இவன்னாதீங்க. வஸ்தாது கெம்பண்ணா. எங்களுக்குக் குஸ்தி சொல்லிக் குடுக்கறவரு. மைசூர் தசராவுல மகாராஜா முன்னாடி மண்ணுல இறங்கினவரு. பிரம்மச்சரிய விரதம் எடுக்கறவனுக்கு அவரே கோணியூசியைக் காய்ச்சிக் குத்தி விடுவாரு. மொதல்ல தனக்குக் குத்திக்கிட்டாரு, அப்புறந்தான் எங்களுக்கு.

— எத்தனை வருஷமாச்சு?

— எனக்கு மூணு. அவருக்கு இருவது.

— புண்ணு?

— மொத மாசம் சீழ் வெச்சுது. மஞ்சளை அரைச்சுப் போட்டோம், ஆறிப்போச்சு.

— ஆறினதுதான்யா வம்பு. மூத்திரத் தாரை எப்படி வருது?

— நல்லா மெலிஞ்சிருக்கு சார்! போன வருஷம் சணல் கயிறு கணக்கா இருந்தது. இப்ப தையல் நூலு.

— அதை ஏன் சிரிச்சுக்கிட்டே சொல்றே?

— பின்னே? தாரை மெலிய மெலிய விரதம் பழுக்குதுன்னு அர்த்தம். சக்தி கீழே போகாம மேலே ஏறுது. பின்பக்கத்துச் செவுரு ஓரமா வரிசையா நின்னு நாங்களே பாத்துக்குவோம். யாருது மெல்லிசோ, அன்னிக்கு அவனுக்குத்தான் பாதாம் பால் மொத டம்ளர். ஒரு வாரமா எனக்குத்தான்.

— ராஜா, நீ என்ன வேலை செய்றே?

— தண்ணிக் குழாய் பதிக்கிற கூலி.

— அப்ப நீயே சொல்லு. பழைய இரும்புக் குழாய்க்குள்ள துரு அடைச்சுக்கிட்டா?

— தண்ணி நூலாட்டம் வரும்.

— குழாய்க்கு சக்தி ஏறிப்போச்சுன்னு பாதாம் பால் ஊத்துவியா?

— அட போங்க சார். அறுத்து எடுத்து வேற போடுவோம்.

— அறுக்கலேன்னா?

— தண்ணி போக வழியில்லாம பின்னாடி நிக்கும். எங்கயாச்சும் மூட்டு விட்டுடும்.

— உனக்கு விட ஆரம்பிச்சிருக்கு. குத்தின புண்ணு ஆறி, உள்ளே தழும்பு கட்டி, வழி சுருங்கிப்போச்சு. மூத்திரம் பின்னாடி தேங்கிக் கெட்டு, இடுப்புல குண்டிக்காய், அதான் கிட்னி, வரைக்கும் போகுது. அதான் இந்தக் குளிர். மேலே ஏறறது சக்தி இல்லப்பா.

— ...மூணு வருஷமா அதையா சார் நான் ஏத்திக்கிட்டிருந்தேன்?

— வளையத்தை இப்பவே கத்தரிக்கணும். அப்புறம் டாக்டர் மெல்லிசா ஒரு கம்பியை விட்டு வழியைக் கொஞ்சங் கொஞ்சமா விரிப்பாரு.

— கத்தரிச்சா கரடிமனை வாசப்படியை மிதிக்க விட மாட்டாங்க. எனக்குப் படுக்கையும் அங்கதான், சோறும் அங்கதான்.

— படுக்கவும் திங்கவும் ஆள் இருக்கணும்ல?

— வாஸ்தவம். ஒண்ணு கேக்கறேன் சார். இந்த நூலும் நின்னுபோச்சுன்னா? சொட்டுகூட வரலேன்னா?

— அடிவயிறு குடமாட்டம் வீங்கும். ஆளு உளற ஆரம்பிப்பான். நாள் கணக்குத்தான், கம்பி விட்டு எடுக்கலேன்னா செத்துப்போவான். உனக்குத்தான் வருதே, ஏன் கேக்கறே?

— உளறுவானா?

— ஆமாய்யா. ஏய், எங்கே ஓடறே? வேட்டியைக் கட்டு மொதல்ல!

— டாக்டரைக் கூப்பிடுங்க சார், கம்பியோட கூப்பிடுங்க! வஸ்தாதுக்கு முந்தாநாள்லேர்ந்து ஒரு சொட்டு இல்லே. வாய்க்கு வந்தது பேசறாரு, அருள்வாக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தோம். விரதம் பழுத்து சித்தி கிடைச்சிட்டுதுன்னு மாலை போட்டு, அந்த வீங்கின வயித்துக்குக் காலையில நான்தான் சார் சந்தனம் பூசிட்டு வந்தேன்!