நெட்வொர்க் கெடைக்கலையாம்

இல்ல தம்பி, அந்த ரிப்போர்ட்ட இப்பவே அனுப்பிடாதீங்க. ஒரு நிமிசம் இருங்க லா. நான் நின்னுக்கறேன், உக்காந்தா எனக்குக் காலு சும்மா இருக்காது.

தேன்மொழி பேரப் போட்டுட்டீங்களா? கம்ப்யூட்டர்லதானே, அழிச்சுக்கலாம்ல?

அவ வெளியில படிக்கட்டுல உக்காந்திருக்கா. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. மூணு மணிக்கு மொதலாளி தவுக்கே உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு அவள வேலைய விட்டு நிப்பாட்டப் போறாரு. வேணும்னே மிசினக் கெடுத்தாளாம். பெக்கோக்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு, கெடுக்குறதுக்கா வருவா? இப்ப மணி என்ன? ரெண்டேகாலா? அந்தக் கடிகாரம் முந்தி ஓடும், நம்பாதீங்க.

நீங்க திங்கக்கெழம ஜேபி டவுன்ல இருந்து வந்து சரி பண்ணிட்டுத்தானே போனீங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஆபீஸ்ல வேணாம்னு ஒதுக்குன கம்ப்யூட்டரு, வயர மாட்டி ஒரு பட்டனத் தட்டுனா தானா விண்டோஸ் ஏறணும், நாங்க தொடச்சு அடுக்கணும். அதான் இங்க வேல. இந்த நாப்பது மிசினு வந்ததுல இருந்துதான் கோளாறு. பாதி ஓடிட்டு நின்னுடும். நெட்வொர்க் கெடைக்கலையாம். அலமாக், கடவுளே, இப்பத்தானே நெட்வொர்க்லயே எழும்புன, அதுக்குள்ள எங்க போச்சுன்னு நான் திட்டுவேன். நீங்கதான் வெளக்கிச் சொன்னீங்க, மொதல்ல எழுப்பி விடுறது வேற, எழும்புனதும் வர்ற குட்டி விண்டோஸ் வேற, அந்தக் குட்டிக்கு இந்தப் புது நெட்வொர்க் கார்டத் தெரியல, அதப் புரிய வைக்கிற டிரைவர்னு ஒரு பைல அதுக்குள்ள போடணும்னு. சரியாத்தானே சொல்றேன்? சிரிக்காதீங்க. கேட்டா மறக்க மாட்டேன், படிக்கத்தான் வராது.

அதுவரைக்கும் நானும் தேன்மொழியும் ஒவ்வொரு மிசினுக்கா நெட்வொர்க் குடுக்குற ஒரு கருப்பு வால யுஎஸ்பியில சொருகி, அதுல வயர மாட்டி ஏத்துனோம். ஒரு நாளைக்கு ஆறு முடிஞ்சா பெருசு. நீங்க டிரைவரப் போட்ட அன்னிக்கு மத்தியானமே பதினோரு மிசினு தானா ஓடுச்சு. அவ கை தட்டுனா, பாத்தீங்கதானே. தவுக்கே வந்தாரு, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, இனி ஒரு ஆளு போதும்னாரு. நீங்க வெளாட்டுக்குச் சொன்னாருன்னு நெனச்சிருப்பீங்க. ஒம்பது வருசமா இருக்கேன், அவரு வெளாடி நான் பாத்ததில்ல.

செவ்வாக்கெழம காலையில பாத்தா மறுபடியும் நெட்வொர்க் கெடைக்கல. இன்னிக்கு நீங்க வந்து தோண்டுனீங்க. நீங்க போட்ட பைல யாரோ மாத்திருக்காங்க, தேன்மொழி பேரு, ஏழு அம்பதுன்னு காட்டுது. காட்டும் தம்பி. அன்னிக்கு அவ வந்தது எட்டேகாலுக்கு. வாசக் கேமராவுல பாருங்க, பொய்யா சொல்றேன்?

அப்ப எப்படி அவ பேருன்னா, எனக்கும் ஒரு பாஸ்வர்ட் குடுத்திருக்காங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல நம்பரு. ஆறாம் வகுப்போட நின்னவளுக்கு அது எப்படி லா வரும். மூணு தடவ தப்பாத் தட்டுனா பூட்டிக்கும், தவுக்கே கத்துவாரு. அவதான் பாவம் பாத்து, அக்கா, நீங்க என்னோடதுலயே போங்கன்னு, எந்த விரல எங்க வைக்கணும்னு காட்டிக் குடுத்தா. ரெண்டு வருசமா நானும் தேன்மொழிதான் அதுல.

இல்ல, அவ சொல்லல. சொன்னா அடுத்து யார் பேரு வரும்னு அவளுக்குத் தெரியாதா? நீங்க அந்தத் திரையக் காட்டுனப்ப என்னை ஒரு பார்வ பாத்தா. எந்திரிச்சுப் போயி படிக்கட்டுல உக்காந்துட்டா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட நான் எதாச்சும் பதில் சொல்லியிருப்பேன்.

நீங்க டிரைவர் இல்லாத அந்தப் பழைய பைலத் தூக்கிப் போட்டிருக்கலாம் தம்பி. அது பேருக்குப் பின்னால ஓல்டுன்னு ஒண்ணச் சேத்து அங்கேயே வெச்சுட்டுப் போயிட்டீங்க. உங்க மேல பழி போடல, சொல்றேன். நான்தான் அந்த ஓல்ட எடுத்து உங்க புது பைலு பேருல போட்டு, பழசப் பழையபடி முன்னுக்குக் கொண்டாந்தேன். நீங்க செஞ்சதத் தலகீழா செய்யணும், அவ்வளவுதானே. ஒரு நிமிசம் ஆகல. ஒரு ஆளு போதும்னா யார வெச்சுக்குவாங்க, இங்கிலீஷ் படிக்கிற அவளையா, என்னையா?

பேர மாத்துங்க. பேச்சியம்மாள்னு போடுங்க. போட்டுட்டு எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க, நான் போயி அவள உள்ள கூப்புடுறேன்.