தயாளனுக்கு ரெண்டு குரல்

தன்னை வளர்த்துக்கறது எப்படின்னு இவ்ளோ நேரம் பேசிட்டோம். காலையில சீக்கிரம் எந்திரிக்கணும், நல்ல புஸ்தகம் படிக்கணும், நாலு பேர் முன்னாடி கூச்சமில்லாம பேசணும்... எல்லாம் சரிதான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒருத்தரோட கதை இருக்கு. சின்னதுதான். அதைச் சொல்லிட்டு மேல போறேன். பின்னாடி நிக்கறவங்க முன்னால வந்து உக்காருங்க, நாற்காலி சும்மாதான் கிடக்கு.

திருச்சியில தயாளன்னு ஒருத்தர். இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்கற ஒரு கம்பெனியில வேலை. என்ன வேலை? காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஜனங்ககிட்ட திட்டு வாங்கற வேலை. நெட் வரலைன்னா நாம யாரைத் திட்டுவோம்? முதலாளியையா? அவர் நம்பர் நமக்குத் தெரியுமா? போனை எடுக்கற மனுஷனைத்தானே திட்டுவோம்.

தயாளன் இதுல கெட்டிக்காரர். நீங்க எப்படித் திட்டினாலும் அவர் குரல் மாறாது. 'உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க சார்... கொஞ்சம் லைன்ல இருங்க, நானே பார்த்துச் சொல்றேன்.' அப்படியொரு பதமான குரல். பிறவியிலேயே வந்ததுன்னு நினைக்காதீங்க. ஆரம்பத்துல அவர் பெரிய கோபக்காரர். பயிற்சி எடுத்து, பழகிப் பழகி வரவழைச்ச குரல் அது. புதுசா வேலைக்குச் சேர்றவங்களை, 'இவர் பேசறதைக் கேட்டுக் கத்துக்கோங்க'ன்னு அவர் பக்கத்துல உக்கார வைப்பாங்க. இது முன்னேற்றமா இல்லையா? முன்னேற்றம்தான்.

ஒரு நாள் மத்தியானம்... காரைக்குடியில ஹார்டுவேர் கடை வச்சிருக்கற சொக்கலிங்கம்னு ஒருத்தர் லைன்ல வர்றார். காலையிலேர்ந்து கடையில நெட் இல்ல, பில் போட முடியல. மனுஷன் கொதிக்கறார், வாயில வந்ததெல்லாம் பேசறார். நம்மாளு எல்லாத்துக்கும் 'சொல்லுங்க சார்', 'புரியுதுங்க சார்'. சரி, என்ன கோளாறுன்னு கம்ப்யூட்டர்ல பார்ப்போம்னு, தன் பேச்சு அந்தப் பக்கம் கேக்காம இருக்கறதுக்கான பட்டனை அமுக்கினார். அமுக்கிட்டோம்னு நினைச்சார்... அது சரியா அமுங்கல.

அந்த நேரம் பார்த்து மடியில இருந்த செல்போன் துடிக்குது. அவர் வீட்டம்மா, ஹேமலதா. கொஞ்சம் முன்னாடியும் கூப்பிட்டாங்க, இவர் எடுக்கல. இப்ப எடுத்தார்.

'உனக்கு அறிவிருக்கா? வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அப்படி என்ன தலை போற விஷயம்? வை போனை.'

அந்தம்மா வச்சிட்டாங்க. இவர் திரும்பி சொக்கலிங்கத்துகிட்ட வர்றார். மறுபடியும் அதே பதமான குரல். 'காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க சார்...'

இவ்ளோ நேரம் கத்தின மனுஷன் இப்ப ரொம்ப மெதுவா கேக்கறார். 'இப்ப ஒருத்தங்களைத் திட்டினீங்களே... அது யாருங்க?'

தயாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பட்டனைப் பார்த்தார். விஷயம் புரிஞ்சு போச்சு. 'என் சம்சாரம் சார்.'

'நான் உங்களைத் திட்டினதுக்கு அவங்க வாங்கிக் கட்டிக்கிட்டாங்களா?'

சொக்கலிங்கத்துக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் கடை நெட்டு சாயங்காலம் வந்தாலும் போதுங்க, நீங்க முதல்ல அவங்ககிட்ட பேசுங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டார்.

தயாளன் ஹெட்போனைக் கழட்டிட்டு வெளியில படிக்கட்டுக்கு வந்தார். அவங்களைக் கூப்பிட்டார். 'ஹேமா... அப்பவே கூப்பிட்டே, நான்தான் கத்திட்டேன். தப்புதான். என்ன விஷயம்மா? சொல்லு, கேக்கறேன்.'

அந்தம்மா கேட்டாங்க. குரல் நடுங்குது.

'என்னங்க... வேலை போயிடுச்சா?'

சிரிக்கறீங்க. சிரிங்க, தப்பில்ல. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புருஷன் ரெண்டு வார்த்தை தன்மையா பேசினா, ஏதோ விபரீதம் நடந்துபோச்சுன்னு அந்தம்மாவுக்குத் தோணுது. எத்தனை வருஷம் கேட்ட குரல் அப்படி யோசிக்க வச்சிருக்கும்? எனக்கு இதைச் சொல்லும்போதே வருத்தமா இருக்கு.

வேலையெல்லாம் இருக்கு, நீ விஷயத்தைச் சொல்லுன்னார். ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்கன்னாங்க. எவ்ளோ கோபக்காரனையும் பேசிச் சமாளிக்கத் தெரிஞ்ச மனுஷன், சொந்த வீட்டம்மாவைப் பேச வைக்கத் தெரியாம நிக்கறார். ஆனா போனை வைக்கல. காதுல வச்சுக்கிட்டு அப்படியே நின்னார். கடைசியில அவங்களே சொன்னாங்க.

'மார்புல ஒரு கட்டி மாதிரி தெரிஞ்சுதுங்க. தனியா வந்து டெஸ்ட் எடுத்தேன். இப்ப ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். வீட்டு ஆளு யாராவது கூட இருந்தாத்தான் ரிசல்ட்டைப் பத்திப் பேசுவேன்னு டாக்டர் சொல்றார். அதான் உங்களை... வேலையா இருப்பீங்களேன்னு யோசனையாவும் இருந்துது.'

தயாளன் பையைக்கூட எடுக்கல. அப்படியே ஓடினார்.

பதறாதீங்க. ஆரம்பத்துலயே பார்த்துட்டாங்க, வைத்தியம் பண்ணி அந்தம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு இவர்தான் கூடப் போனார். ஆனா அன்னிக்கு அந்தப் பட்டன் சரியா அமுங்கியிருந்தா? அந்தம்மா அந்த டாக்டர் முன்னாடி தனியா உக்காந்திருப்பாங்க. இல்லைன்னா, வேண்டாம்னு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க.

தயாளனுக்குப் பொறுமை வராதா? வரும். நாள் முழுக்க ஊர்பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் குடுத்தாரே. வீட்டுக்கு ஏன் எடுத்துட்டுப் போகல? ஆபீஸ்ல மார்க் போட ஆள் இருக்கு, வீட்டுல யார் மார்க் போடறாங்க? இவங்க எங்க போயிடப் போறாங்கன்னு ஒரு தைரியம்... அந்தத் தைரியம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்குங்க. வெளியில காட்டறதுக்குன்னே வளர்ந்துக்கிட்டு இருக்கோம்.

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குத்தானே போகப் போறீங்க? போயி, அன்பா ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. அவங்க சாதாரணமா பதில் சொன்னா, சந்தோஷம், நீங்க வளர்ந்திருக்கீங்க. பயந்துபோயி 'என்னாச்சு'ன்னு கேட்டாங்கன்னா... நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு அர்த்தம்.